வைத்தலும் தேய்த்தலும்: முழங்கால் வலி, மின்சாரம், மீயொலி – ஒரு சிறு வரலாறு

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறுவோர் ஏறத்தாழ 3,550 படிகளைக் கடக்க வேண்டும். அவ்வழியின் பிற்பகுதியில் செங்குத்தாக எழும் ஓரிடத்துக்குத் தெலுங்கில் ‘மோகாள்ள மிட்ட’ என்று பெயர். தமிழ் அடியார்கள் அதனை ‘முழங்கால் முறிச்சான்’ என்பர். மலை ஆதிசேடனின் உடல் என்பதால் அதன்மேல் கால் பதிக்க அஞ்சிய இராமானுசர் முழங்காலாலேயே அதில் ஏறினார் என்பது வைணவ மரபு. இன்றும் அவ்விடத்தில் முழங்காலிட்டு ஏறுவோரைக் காணலாம்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் அந்த இரு பெயர்களும் என் கவனத்தை ஈர்த்தன. தமிழில் முழங்கால், முழங்கை. தெலுங்கில் மோகாலு, மோசேயி. காலுக்கும் கைக்கும் முன் ஒரே முன்னுறுப்பு இரு மொழிகளிலும் இணையாக நிற்கிறது. மூட்டைக் குறிக்கும் ‘கீல்’ என்னும் சொல்லும் தெலுங்கில் ‘கீலு’ என வழங்குகிறது. சித்த மருத்துவர் கூறும் ‘கீல்வாயு’வையும் தெலுங்கு மக்கள் கூறும் ‘கீள்ள வாதம்’ என்பதையும் அருகருகே வைத்தால், சித்தூர்ச் சீமையில் மொழி மாறினாலும் வலியின் பெயர் பெரிதாக மாறுவதில்லை என்பது விளங்கும்.

1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்படும்வரை திருமலைக்குச் செல்ல நடையே பொதுவழி. நடக்க இயலாதவருக்கு டோலி. அக்காலத்தில் முழங்கால் நோவு என்பது இறைவனைக் காண்பதற்கும் காணாமல் இருப்பதற்கும் இடைப்பட்ட தடையாக இருந்திருக்கும். இன்று அதே முழங்காலோடு மக்கள் சென்று அமரும் இடம் வேறு: சித்தூரிலும் திருப்பதியிலும் காணப்படும் இயன்முறை மருத்துவ நிலையங்கள். அங்கே முழங்காலின்மீது வைக்கப்படும் இரு கருவிகளின் வரலாற்றையே இப்பதிவில் எழுத முயல்கிறேன். ஒன்று மின்சாரம்; மற்றொன்று மீயொலி. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றுசேர்ந்தன, சேர்ந்ததால் என்ன விளைந்தது என்பதே வினா.

*

வினா எழுந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாய்வழிப் பாட்டியை நாங்கள் ‘ஆயா’ என்றே அழைப்போம். திருத்தணிப் பக்கம் பிறந்து சித்தூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் பிறந்தபோது திருத்தணியும் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். தெலுங்கு நன்றாகப் பேசுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் இரு முழங்கால்களிலும் வலி மிகுந்தபோது ஒரு நிலையத்தில் பத்து நாள் சிகிச்சை பெற்றார். என்ன செய்தார்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். “கரண்ட் வச்சாங்க கண்ணு, அப்புறம் தேச்சி உட்டாங்க” என்றார். கரண்ட் என்றது மின்சிகிச்சையை. தேய்த்தது என்றது களிம்பு தடவி மீயொலிக் கருவியின் தலையைத் தோல்மீது சுழற்றியதை. பத்தாம் நாள் வலி குறைந்திருந்தது. இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. “மறுபடியும் கரண்ட் வச்சிக்கணும்” என்றார்.

விடுமுறையில் ஊர் சென்றபோது அவருடைய மருத்துவக் கோப்பைப் புரட்டினேன். அதில் மடித்த ஒரு தாள் இருந்தது. தொடைத் தசையை வலுப்படுத்தும் ஐந்து பயிற்சிகள், படங்களுடன், ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் அச்சிடப்பட்டிருந்தன. ஆயா அதைப் பிரித்தே பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “எலும்பு தேஞ்சி போச்சின்னு சொல்லிட்டாங்க. ஆட்டிக்கினே இருந்தா இன்னும் தேஞ்சிடாதா?” என்றார்.

அந்த எதிர்வினாவுக்கு என்னிடம் உடனடி விடை இல்லை. கருவிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகே.

*

வலிக்கு மின்சாரம் என்னும் எண்ணம், மின்சாரம் என்ற சொல்லைக் காட்டிலும் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கால்வாதத்துக்கும் உயிருள்ள மின்திருக்கை மீனைப் பயன்படுத்துமாறு எழுதினார். கடற்கரையின் ஈரமணலில் நின்று, மீனைக் காலடியில் வைத்து, கால் மரத்துப்போகும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அவர் கூறிய முறை. 1600இல் வில்லியம் கில்பர்ட் தம் காந்தவியல் நூலில், அம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘எலக்ட்ரிக்’ என்பதன் இலத்தீன் மூலத்தை ஆக்கினார். அதாவது, பெயர் கிடைப்பதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மருந்து வழங்கிவிட்டது.

1740களில் லேடன் சாடி வந்தபின் மின்னேற்றத்தைச் சேமித்து வைத்து உடலில் செலுத்த முடிந்தது. ஐரோப்பாவெங்கும் முடக்குவாதம் தீர்ந்ததாகச் செய்திகள் பரவின. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினைத் தேடிப் பக்கவாத நோயாளிகள் வந்தனர். அவரும் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். 1757 டிசம்பரில் ஜான் பிரிங்கிள் என்னும் மருத்துவருக்கு எழுதிய மடலில் விளைவுகளைப் பதிவு செய்தார். முதல் சில நாள்கள் கைகால்களில் வலுவும் வெம்மையும் கூடின. ஐந்தாம் நாளளவில் முன்னேற்றம் நின்றது. ஊர் திரும்பியோர் சிறிது காலத்தில் பழைய நிலைக்கே சென்றனர். நிலையான நன்மை எதையும் தாம் கண்டதில்லை என்கிறார்.

அம்மடலில் மற்றொரு கருத்தும் உண்டு. அந்தத் தற்காலிக நன்மையில் எவ்வளவு, நோயாளி தம் வீட்டுக்கு நாள்தோறும் பயணம் செய்து வந்ததால் கிடைத்த உடற்பயிற்சியின் விளைவு? எவ்வளவு, குணமாகும் என்ற நம்பிக்கை தந்த ஊக்கத்தால் அவர்கள் உறுப்புகளைக் கூடுதலாக அசைத்ததன் விளைவு? அதைத் தம்மால் சொல்ல இயலாது என்று ஃபிராங்க்ளின் ஒதுங்கிக்கொள்கிறார். மின்சிகிச்சை குறித்து இதுவரை கேட்கப்பட்ட வினாக்களுள் மிகக் கூர்மையானது இதுவே என்பது என் கருத்து. வந்து சேர்வதற்காக நடந்த நடையையும் மனத்தில் எழுந்த நம்பிக்கையையும் கருவியின் வினையிலிருந்து பிரிப்பது எப்படி? இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் இந்த வினாவின் நிழலிலேயே நடக்கிறது.

தமிழகத்துக்கும் இக்கருவி விரைவில் வந்தது. 1806இல் தஞ்சைக்கு வந்த கிளாடியஸ் புக்கானன், மன்னர் இரண்டாம் சரபோசியின் அறையில் காற்று வெளியேற்றும் பொறி, தந்தத்தால் ஆன எலும்புக்கூடு, வானியற் கருவிகள், மருத்துவ நூல்கள் ஆகியவற்றுடன் மின்னேற்றும் பொறி ஒன்றையும் கண்டதாக எழுதியுள்ளார். மருத்துவத்தைத் தாமே பயின்ற மன்னர் அவர். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டில் தஞ்சை அரண்மனையில் மின்பொறி ஒன்று நின்றிருந்தது என்பது, காலத்தை மனத்தில் பதித்துக்கொள்ள உதவும்.

1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டலால், விட்டுவிட்டுப் பாயும் மின்னோட்டம் எளிதாகியது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன், ஈரமான மின்முனைகளைத் தோலின்மீது வைத்துத் தனித்தனித் தசைகளைச் சுருங்கச் செய்து, 1855இல் அது குறித்துப் பெருநூல் எழுதினார். இன்றைய தசைத்தூண்டிக் கருவி அவர் வழிவந்தது. 1950ஐ ஒட்டி வியன்னாவில் நெமெக் என்பவர் ‘இன்டர்ஃபெரன்ஷியல்’ முறையை உருவாக்கினார். நொடிக்கு ஏறத்தாழ 4,000 முறை அலையும் இரு மின்னோட்டங்களைச் சிறு வேறுபாட்டுடன் குறுக்காகச் செலுத்துவது அதன் அடிப்படை. உயர் அலைவெண்ணுக்குத் தோலின் தடை குறைவு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அவற்றின் வேறுபாடே தாழ்ந்த துடிப்பாக உணரப்படும். சித்தூர் நிலையங்களில் ‘ஐ.எஃப்.டி.’ என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதுவே.

ஆனால் வலி ஏன் குறைகிறது என்பதற்கு விளக்கம் 1965இல்தான் வந்தது. மெல்சாக், வால் ஆகிய இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் வாயிற் கோட்பாட்டை முன்வைத்தனர். தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் பருத்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், தண்டுவடத்தில் வலிச் செய்திக்கான வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது என்பது அதன் சாரம். அடிபட்ட இடத்தை உடனே கையால் தேய்த்துக்கொள்கிறோமே, அதற்கும் இதுவே காரணம். 1967இல் வால், ஸ்வீட் இருவரும் மின்தூண்டலால் வலி தற்காலிகமாக அடங்குவதை மனிதரிடம் காட்டினர். ‘டென்ஸ்’ என்னும் சிறு கருவி 1970களில் பரவியது. அவர்களுடைய கட்டுரைத் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற சொல் இருந்ததை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

*

மீயொலியின் வழி வேறு. 1880இல் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார், சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிரும் என்ற மறுதலையும் விரைவில் உறுதியாயிற்று. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியப் பால் லாஞ்செவன் குவார்ட்சுப் படிகத்தால் நீருக்குள் மீயொலி எழுப்பியபோது, ஒலிக்கற்றையில் அகப்பட்ட சிறுமீன்கள் இறந்தன. உயிர்த்திசுவின்மீது மீயொலிக்கு வலிமை உண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று. 1927இல் வுட், லூமிஸ் ஆகியோர் இவ்விளைவுகளை முறையாக ஆராய்ந்தனர்.

1930களின் இறுதியில் பெர்லினில் ராய்மர் போல்மன் மீயொலியைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். 1949இல் எர்லாங்கன் நகரில் மருத்துவ மீயொலிக்கென்றே மாநாடு கூடியது. 1955இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வலி, மென்திசுக் காயம், மூட்டுத் தேய்வு உள்ளிட்ட மூட்டுக் கோளாறுகள் ஆகியவற்றுக்கு மீயொலியைத் துணைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது. போரில் மீனைக் கொன்ற அலை, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் முழங்காலுக்கு மருந்தாயிற்று.

பயன்படுத்தும் முறையில் இரு நுட்பங்கள் முக்கியமானவை. முதலாவது, காற்று மீயொலியைத் திருப்பிவிடும். எனவே தோலுக்கும் கருவித்தலைக்கும் இடையே களிம்பு வேண்டும். இரண்டாவது, தலையை ஓரிடத்தில் நிறுத்தினால் அவ்விடம் மிகையாகச் சூடேறும். எனவே அதை ஓயாமல் நகர்த்த வேண்டும். ஆயா ‘தேய்த்துவிட்டார்கள்’ என்றது முற்றிலும் சரியான விவரிப்பு. 1 மெகாஹெர்ட்ஸ் அலை சில சென்டிமீட்டர் ஆழம் செல்லும். 3 மெகாஹெர்ட்ஸ் அலை மேற்பரப்பிலேயே பெரிதும் உறிஞ்சப்படும். கொழுப்பைக் காட்டிலும் நார்ப்புரதம் மிகுந்த தசைநார்களும் மூட்டுறையும் அதனைக் கூடுதலாக ஏற்கின்றன. முழங்காலைச் சூழ்ந்திருப்பவை இத்தகைய திசுக்களே என்பதால் அங்கு அதனைப் பயன்படுத்தும் எண்ணம் எழுந்தது இயல்பே.

இரண்டையும் சேர்க்கும் ‘கூட்டுச் சிகிச்சை’ இந்தப் பின்னணியில் தோன்றியது. மீயொலிக் கருவியின் உலோகத் தலையையே ஒரு மின்முனையாக்குவர். மற்றொரு முனையைத் தொடையிலோ கெண்டைக்காலிலோ ஒட்டுவர். தலை நகர நகர, அதன் கீழுள்ள திசு மின்னோட்டத்தையும் மீயொலியையும் ஒருங்கே பெறும். நோவு மிகுந்த புள்ளியைத் தலை கடக்கும்போது நோயாளி அதைக் கூர்மையாக உணர்வார் என்பதால், சிகிச்சையோடு இடங்காணும் பணியும் நடக்கும். கருவி அத்தகையதாக இல்லாத இடங்களில் முதலில் மின்சாரம், பின்னர் மீயொலி என ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பர். ஆயாவுக்குக் கிடைத்தது இந்த இரண்டாம் வகை.

*

இவை சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்த வழியைப் போலியோவும் தொழுநோயும் போட்டன என்பதே உண்மை. 1911 ஏப்ரல் 1 வரை சித்தூர், வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். அன்று சித்தூர் தனி மாவட்டமாக, வேலூர் வடஆர்க்காட்டின் தலைநகராயிற்று. எல்லை பிரிந்ததே தவிர, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சித்தூர் மக்கள் செல்வது நிற்கவில்லை. 1954இல் நேர்ந்த வாகன விபத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்து, வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கினார். இந்தியாவில் அத்தகைய நிலையங்களுள் அது முன்னோடி. இயன்முறை மருத்துவத்துக்கான முதற்பள்ளி 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் எழுந்ததற்கும் போலியோவே காரணம்.

திருப்பதியில் 1960இல் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1980களின் நடுவில், உடல் ஊனமுற்றோரின் அறுவைக்கும் மறுவாழ்வுக்குமெனத் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ‘பர்டு’ மருத்துவமனையை நிறுவியது. 1993இல் ஸ்விம்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கு இயன்முறை மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதென அறிவிக்கப்பட்டது. தளர்ந்த குழந்தைக் கால்களுக்காகக் கட்டப்பட்ட துறை, இப்போது தளரும் முதிய முழங்கால்களைப் பார்க்கிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் ஐந்து வட்டாரங்களில் 5,000 பேரைப் பரிசோதித்து, 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் மூட்டுத் தேய்வு இருப்பதாகக் கண்டது.

நோயாளி மாறினார், கருவி மாறவில்லை. இந்த மாற்றத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. போலியோவில் தசை செயலற்றுக் கிடந்தது. அதை வெளியிலிருந்து தூண்டுவதில் பொருள் இருந்தது. மூட்டுத் தேய்வில் தசை செயலற்றதன்று. வலிக்கு அஞ்சிப் பயன்படுத்தாமல் விடப்பட்டது. அதைத் தூண்ட வேண்டியவர் நோயாளியே.

*

இங்கேதான் ‘தேய்மானம்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் இருவரும் எக்ஸ்-கதிர்ப் படத்தைக் கொண்டு மூட்டுத் தேய்வை 0 முதல் 4 வரை தரப்படுத்தினர். எலும்பு முளைகளும் மூட்டிடைவெளி குறைவதும் அதன் முதன்மை அடையாளங்கள். அந்த அளவுகோல் உலகெங்கும் இன்றும் வழங்குகிறது. ஆனால் படத்தில் தெரியும் தரமும் நோயாளி உணரும் வலியும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. மேலும், மூட்டுத் தேய்வு என்பது குருத்தெலும்பு, அடியெலும்பு, மூட்டுறை, தசை அனைத்தும் பங்குகொள்ளும் உயிருள்ள மாற்றம். தேய்வும் பழுதுபார்ப்பும் ஒருங்கே நிகழ்வது. சக்கரத்து அச்சு தேய்வது போன்றதன்று அது.

நம் மக்கள்மொழியில் அது ‘ஜவ்வு தேஞ்சி போச்சு’ என்றாகிறது. தெலுங்கில் ‘குஜ்ஜு அரிகிப்போயிந்தி’. அதாவது உள்ளிருக்கும் கூழ் தேய்ந்துவிட்டது. இரண்டுமே பயன்பாட்டால் குறையும் பொருளைக் குறிக்கும் வினைகள். செருப்பு தேயும், உளி தேயும், அம்மி தேயும். தேயும் பொருளைக் காப்பாற்ற ஒரே வழி, அதைப் பயன்படுத்தாமல் இருப்பது. ஆயாவின் எதிர்வினா அறியாமையால் எழுந்ததன்று; சொல் கொடுத்த உருவகத்திலிருந்து அவர் செய்த பிழையற்ற தருக்கம் அது. பிழை உருவகத்தில் இருந்தது.

‘கரண்ட் வைத்தல்’ என்னும் தொடரையும் பாருங்கள். ஒற்றடம் கொடுத்தல், பற்றுப் போடுதல், தைலம் தேய்த்தல் என நம் மரபுச் சிகிச்சைகளின் வினைகள் எல்லாவற்றிலும் செய்பவர் மற்றவர், நோயாளி பெறுபவர். புதிய கருவி இந்தப் பழைய இலக்கண இருக்கையில் வசதியாக அமர்ந்துகொண்டது. தெலுங்கிலும் ‘பெட்டு’ என்னும் வினை அதே பணியைச் செய்கிறது. ‘பயிற்சி செய்தல்’ என்பதிலோ செய்பவர் நோயாளி. அதற்கு அந்த வரிசையில் இடமே இல்லை. எனவே அது சிகிச்சை என்ற எண்ணத்துக்குள் நுழையாமல், கோப்பில் மடித்த தாளாகவே தங்கிவிட்டது.

*

இனிச் சான்றுகளுக்கு வருவோம். போலிக் கருவியுடன் ஒப்பிட்டுச் சோதிப்பதே ஃபிராங்க்ளின் வினாவுக்குப் பின்னாளைய அறிவியல் கண்ட வழி. விளக்கு எரியும், தலை சுழலும், ஆனால் அலை வராது. வந்துபோகும் நடையும் நம்பிக்கையும் இரு சாராருக்கும் பொது. எஞ்சும் வேறுபாடே கருவியின் வினை.

2001இல் ராபர்ட்சன், பேக்கர் ஆகியோர் மீயொலிச் சோதனைகள் 35ஐத் தொகுத்தனர். அவற்றுள் 10 மட்டுமே முறையியலில் தேறின; அந்தப் பத்தில் இரண்டே போலியைவிட மீயொலி சிறந்தது எனக் காட்டின. முழங்கால் குறித்து 2001இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பயன் காணவில்லை. 2010இல் வெளிவந்த தொகுப்பு, 341 நோயாளிகள் பங்கேற்ற ஐந்து சிறு சோதனைகளைக் கொண்டு, பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் தாழ்ந்தது என்றது. மின்தூண்டல் குறித்த 2009ஆம் ஆண்டுத் தொகுப்பு, 813 பேர் பங்கேற்ற 18 சோதனைகளை ஆராய்ந்தும் உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை.

சேர்க்கை பற்றிய ஆய்வுகளுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது, 2002இல் ஹாங்காங்கிலிருந்து சியிங்கும் உடனாய்வாளரும் வெளியிட்டது. அது சேர்த்தது மின்சாரத்தையும் மீயொலியையும் அன்று, மின்சாரத்தையும் பயிற்சியையும். டென்ஸ், போலி டென்ஸ், பயிற்சி, டென்ஸுடன் பயிற்சி என நான்கு குழுக்கள், நான்கு வாரங்கள், 62 பேர். இறுதியில் குழுக்களுக்கிடையே புள்ளியியல் நோக்கில் தெளிவான வேறுபாடு தோன்றவில்லை. ஃபிராங்க்ளின் இருந்திருந்தால் புன்னகைத்திருப்பார்.

பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2008இல் டென்ஸைத் துணைமுறையாகக் கருதலாம் என்றது. 2022இல், டென்ஸ், மீயொலி, இன்டர்ஃபெரன்ஷியல் உள்ளிட்ட மின்சிகிச்சைகளை மூட்டுத் தேய்வுக்கு அளிக்க வேண்டா, பயனுக்குப் போதிய சான்றில்லை என்று மாற்றிக்கொண்டது. அமெரிக்க வாதநோயியல் கல்லூரியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்காலுக்கு டென்ஸ் வேண்டா என்பதை வலுவாகவே கூறியது. மறுபுறம், உடற்பயிற்சி குறித்து 2015இல் வந்த காக்ரேன் தொகுப்பு 54 சோதனைகளைக் கொண்டது. பயிற்சி வலியைக் குறைக்கிறது, சிகிச்சை முடிந்தபின்னும் இரண்டு முதல் ஆறு மாதம்வரை பயன் நீடிக்கிறது என்று அது கண்டது. கருவிகளைக் கைவிட்ட அதே நைஸ் வழிகாட்டி, மூட்டுத் தேய்வு உள்ள அனைவருக்கும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது; தொடக்கத்தில் வலி சற்றுக் கூடக்கூடும், அதை நோயாளியிடம் முன்னரே சொல்லுங்கள் என்றும் அறிவுறுத்துகிறது.

இதனைக் கொண்டு இயன்முறை மருத்துவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. அத்துறை நண்பர் ஒருவரிடம் இவற்றையெல்லாம் அடுக்கியபோது அவர் சொன்ன மறுமொழி நேர்மையானது. வலியோடு வரும் மூதாட்டியிடம் முதல் நாளே எழுந்து உட்காரச் சொன்னால் மறுநாள் அவர் வரமாட்டார். கருவி வைத்தால் வருவார். வந்தால்தான் பயிற்சி சொல்லித்தர முடியும் என்றார். கருவியை அவர் வாயிற்கதவாகக் காண்கிறார். இதில் உண்மை உண்டு. ஆனால் வாயிலோடு நின்றுவிட்டால் வீட்டுக்குள் செல்வது எப்போது? ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற நிலையத்தில், கருவியைப் பொருத்திவிட்டு அடுத்தவரிடம் செல்லலாம். பயிற்சியை அவ்வாறு பொருத்திவிட்டுச் செல்ல முடியாது. அருகில் நின்று, நோயாளியின் மொழியில் பேசி, திருத்த வேண்டும்.

எச்சரிக்கையும் ஒன்று சொல்ல வேண்டும். இக்கருவிகளை வாங்கி வீட்டில் தாமே பயன்படுத்துவது தகாது. இதயமுடுக்கி பொருத்தியோர், புற்றுநோய் உள்ள இடம், இரத்தக்கட்டு ஐயப்படும் கால், உணர்வு குன்றிய தோல் ஆகியவற்றில் இவை தீங்கு செய்யக்கூடும். நீரிழிவால் கால் மரத்தோர் சூட்டை உணரமாட்டார்கள் என்பதை மறக்கக்கூடாது.

*

ஆயாவின் எதிர்வினாவுக்கு நான் கடைசியில் கூறிய விடை இது: “எலும்பு செருப்பு மாதிரி இல்ல ஆயா, வெத்தலைக் கொடி மாதிரி. தண்ணி போகணும்.” உவமை அறிவியல் நுட்பம் உடையதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போதே மூட்டுநீர் வழியாக அதற்கு ஊட்டம் சேர்கிறது என்பது உண்மை. அசைந்தால்தான் அதற்கு உணவு. ஆயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்தக் காயிதத்தப் படிச்சிக் காட்டு” என்றார்.

ஐந்து பயிற்சிகளையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். வினைகளில் கவனமாக இருந்தேன்: ‘காலை நீட்டு’, ‘பத்து எண்ணு’, ‘இறக்கு’. ஐந்திலும் செய்பவர் அவரே. வலி முற்றிலும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். படியேறும்போது இன்னும் கைப்பிடியைப் பிடிக்கிறார். ஆனால் ‘கரண்ட் வச்சிக்கணும்’ என்பதை இப்போது சொல்வதில்லை. ‘இன்னிக்கி இன்னும் காலு நீட்டல’ என்கிறார். ஒரு நோயாளியைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. நான் காட்ட விரும்புவது வாக்கியத்தின் எழுவாய் மாறியதை மட்டுமே.

2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் இயன்முறை மருத்துவத்தை முறைப்படுத்தும் வழியை வகுத்துள்ளது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இன்னும் மாறலாம். இவ்விரு மாவட்டங்களிலும் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குவது மாறாது. மின்சாரத்தையும் மீயொலியையும் ஒரே தலையில் சேர்க்க அறிவியலுக்கு எழுபது ஆண்டுகள் போதுமாயிருந்தன. சிகிச்சையையும் நோயாளியின் சொல்லையும் சேர்ப்பதே எஞ்சியிருக்கும் கூட்டுச் சிகிச்சை என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் வீட்டு மூத்தோர் மூட்டுவலிக்கும் அதன் சிகிச்சைக்கும் வழங்கும் சொற்களை, முடிந்தால் அவர்கள் கூறிய தொடராகவே, இப்பதிவின்கீழ் எழுதுங்கள். ‘தேய்மானம்’ அல்லாத ஒரு சொல் எங்கேனும் வழக்கில் இருக்குமானால், அதைத் தெரிந்துகொள்ள மிகவும் விரும்புகிறேன். மருத்துவத் துறையினர் பிழை காணின் திருத்துமாறும் வேண்டுகிறேன்.